எல்லா ஊரிலும் ஒரே தண்ணீர்

எங்கள் ஓடையில் மழை இல்லாத நாளில்தான் தண்ணீர் வரும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வானம் வெளுத்துக் கிடக்கும், ஆடு மேய்க்கிறவர்கள் வெயிலுக்குக் குடை பிடித்து நிற்பார்கள், ஓடையில் மட்டும் முழங்கால் அளவு ஓடும். மேற்கே எங்கேயோ சாயப்பட்டறைத் தொட்டிகளைத் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். நுரை மிதந்து வரும். கரையில் ஒதுங்கிக் காய்ந்த நுரை முள்ளுச் செடிகளில் அழுக்குத் துணி மாதிரி தொங்கும். நாய்கூட இறங்கி நக்காது. பாலத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் முந்தானையையோ துண்டையோ மூக்கில் வைத்துக்கொள்வோம். பாலம் முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, பேச்சை விட்ட இடத்தில் தொடருவோம். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். மூக்கைப் பொத்தப் பழகிய கை வேறு எதற்கும் எழும்பவில்லை.

நான் ராசிபுரத்தில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்துவது, சிறுநீர் வாங்குவது, ரிசல்ட் அடித்துக் கொடுப்பது, வரிசையில் முந்துகிறவர்களைத் திட்டுவது, எல்லாம் நான்தான். ஒவ்வொரு குப்பியின் மேலும் பெயரையும் ஊரையும் எழுத வேண்டும். சிறுநீரகப் பரிசோதனைக்கு வரும் குப்பிகளில் ஓடைக்கரை ஊர்களின் பெயரையே நான் அதிகம் எழுதுகிறேனோ என்று சில வருஷங்களாக ஒரு சந்தேகம். டாக்டரிடம் சொன்னேன். "அந்தப் பக்கத்து பஸ்ஸெல்லாம் நம்ம வாசல்லதான நிக்குது, அதான் வர்றாங்க" என்றார். இருக்கலாம். அவரை மறுத்துப் பேசும் படிப்பு எனக்கு இல்லை. கோபம் இருந்தது. அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

வாட்டர் ஃபில்டர் விற்கிற கடையில் ஒரு மீட்டர் வாங்கினேன். பேனா போல இருக்கும். தண்ணீரில் முக்கினால் அதில் கரைந்திருக்கிற உப்பு எவ்வளவு என்று ஓர் எண்ணைக் காட்டும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். விஷம் இருக்கிறதா, சாயம் இருக்கிறதா என்றெல்லாம் சொல்லாது. ஆனால் சாயப்பட்டறைத் தண்ணீரில் உப்பு அதிகம். கிணற்றில் அந்த எண் ஏறிக்கொண்டே போனால், ஓடை மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு நடந்து வருகிறது என்று புரிந்துகொள்ளலாம். வாரம் தவறாமல் எழுதி வைத்து, எல்லா ஊரும் சேர்ந்து கலெக்டர் ஆபீஸில் கொண்டுபோய் வைப்பது என்பது என் திட்டம். என் வீட்டுக்காரருக்கு நெய் வியாபாரம். மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊரு ரத்தமெல்லாம் எடுத்தது பத்தலையாக்கு? இனி ஊருத் தண்ணியும் வேணுமா உனக்கு?" என்றார்.

தன்னார்வலர்கள் என்றால் தொப்பி போட்ட கூட்டம் ஒன்று மனதில் வரும். என் ஆட்கள் எல்லாம் என்னிடம் ஊசி குத்திக்கொண்டவர்கள். யாருக்கு நரம்பு சட்டென்று கிடைக்கும், யாருக்குத் தேட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டே கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஓர் ஊருக்கு ஒருவர் என்று பிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடிக்கிற கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, ஊர்ப் பெயரை எழுதி, பால் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போகும். அதை ஓட்டுகிறவர் முதல் வாரமே முறையிட்டார். "அக்கா, பால் கேனுக்குப் பக்கத்துல தண்ணி பாட்டில வெச்சா, சொசைட்டிக்காரன் என்னையத்தானுங்க சந்தேகப்படுவான்." அதற்காக பாட்டில்களைத் தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கியது கடைசி ஊர் அம்மாதான். ஓடை அந்த ஊரைத் தாண்டித்தான் காவிரிப் பக்கம் திரும்புகிறது. மேலே யார் எதைக் கொட்டினாலும் வந்து சேருவது அங்கேதான். அவருடைய தென்னை மரங்கள் குருத்திலிருந்து காய ஆரம்பித்திருந்தன. மாடு தொட்டித் தண்ணீரை மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளுமாம். "பாட்டிலு என்னுங்க அம்மிணி, கொடத்துலயே அனுப்பறேன். கலெக்டரு மேசையில ஊத்துங்க" என்றார். ஒரே மகன். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வடக்கே போர் போடப் போய்விடுவான், வருஷத்தில் பாதி ஊரில் இருக்க மாட்டான். முப்பத்தைந்தைத் தாண்டியும் அவனுக்குப் பெண் அமையவில்லை. அந்த ஊரில் அப்படிப் பையன்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

முதல் சில மாதம் எண்கள் பயமுறுத்தின. ஐந்நூறுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர் என்று மீட்டர் விற்றவர் சொல்லியிருந்தார். ஊருக்கு ஊர் வேறு வேறு. பாறைக்கு மேல் இருக்கிற பூமி இது, பக்கத்துப் பக்கத்துக் கிணறே ஒன்றுபோல் இருக்காது. ஓர் ஊரில் ஆயிரம், அடுத்த ஊரில் ஆயிரத்து எண்ணூறு, கடைசி ஊரில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. நான் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, அவரவர் தண்ணீர் அவரவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்து மனிதர்களுடன் இத்தனை வருஷம் வாழ்ந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

எங்கள் பக்கம் பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டில் உட்காருவதற்கு முன்னால் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கூட வருகிற பெரியவர் ஒருவர் காலாற நடப்பதுபோல் நடந்து, தொட்டியில் கையை நனைத்து, ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திரும்புவார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் காப்பியை எடுப்பார்கள். இப்போது அதற்கும் வேலையில்லாமல் போய்விட்டது. என் குரூப்பின் எண்கள் தரகர்களின் போனுக்குப் போய்விட்டன. நடு ஊர் ஒன்றில் நிச்சயத்துக்கு நாள் குறித்த சம்பந்தம் ஆயிரத்து எண்ணூறு என்கிற எண்ணைக் காட்டி நின்றுபோனது. அந்த வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறவர், என் தன்னார்வலர். அவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறும் ஒழுங்காக பாட்டில் அனுப்பினார். அதில் எண் பாதியாகக் குறைந்திருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் நல்ல மழை. கிணற்றில் புதுத் தண்ணீர் இறங்கினால் உப்பு குறையும், அதுதான் காரணம் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒவ்வோர் ஊராக எண் இறங்கியது. கடைசி ஊரும் இறங்கியது. அந்த அம்மா போனில் கூப்பிட்டு, "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டாளுங்க அம்மிணி" என்றார். குரலில் சந்தோஷத்தைவிட அவசரம்தான் இருந்தது. அடுத்த தை மாதமே அவர் மகனுக்குக் கல்யாணம். பெண் ஆத்தூருக்கும் அந்தப் பக்கம், மலையடிவாரத்து ஊர். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பந்தியில் வைத்த தண்ணீர் இனித்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாராவது இலையில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்களா?

பங்குனி, சித்திரை, வைகாசி போய் ஆனியும் வந்தது. கோடையில் எண் ஏறத்தான் வேண்டும், ஏறவில்லை. ஓடை மட்டும் வழக்கம்போல் வெயிலில் பெருகிக்கொண்டு போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டில்களைச் சமையல் மேடையில் வரிசையாக வைத்து மீட்டரை முக்கிக்கொண்டே போனேன். முந்நூற்றுச் சொச்சம். அடுத்ததும் முந்நூற்றுச் சொச்சம். அதற்கு அடுத்ததும். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் முக்கினேன், எகிறியது. மறுபடி பாட்டிலில் முக்கினேன். அதே எண். என் தொழிலில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வரிசையாக வந்தவர்கள் எல்லாருடைய இரத்தத்திலும் ஒரே சர்க்கரை அளவு வந்தால், அவர்கள் எல்லாரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஒரே ஆளுடைய இரத்தத்தை எல்லாக் குப்பியிலும் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் தெருக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து அளந்தேன். முந்நூற்றுச் சொச்சம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய் அந்த ஊர்களுக்கும் போகிறது. எப்போதாவது வரும், வந்தால் அரை மணி நேரம். எல்லா ஊர்க்காரர்களும் அதைப் பிடித்துத் தனியாக வைத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கூட இதைச் செய்திருக்க மாட்டார்கள். அளக்கிறவர் முன்னால் நல்லதைத்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. எனக்கு இனிப்பை அனுப்பிவிட்டு இவர்கள் குடித்துக்கொண்டிருப்பது எதை?

அடுத்த நாளே பதில் என் மேசைக்கு வந்தது. கடைசி ஊருக்குக் கல்யாணமாகி வந்த அந்தப் பெண். ஆறாவது மாதம். டாக்டர் இரத்தமும் சிறுநீரும் எழுதிக் கொடுத்திருந்தார். செருப்பு வார் புறங்காலில் அழுந்தி, கழற்றிய பிறகும் தடம் மறையவில்லை. இரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது என்று சீட்டில் இருந்தது. சிறுநீரில் காகிதப் பட்டையை முக்கினேன். மஞ்சளாகவே நிற்க வேண்டிய கட்டம் பச்சைக்குத் திரும்பியது. புரதம் இறங்குகிறது. முதல் பிள்ளைக்கு ஆறாம் மாதத்தில் இப்படி இருந்தால் என்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும். அப்படி வந்து போனவர்களின் முகங்கள் என் நினைவில் இருக்கின்றன. தாய்க்கு வலிப்பு வரலாம், பிள்ளை போகலாம், இரண்டும் போகலாம்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"உப்பக் குறைக்கச் சொன்னாங்கக்கா. நான் ஒலையில உப்பே போடறதில்ல. கொழம்புல போடறதில்ல. அப்பயும் கரிக்குது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவளுடைய இரத்தத்தை எடுத்துப் பெரிய லேபுக்கு அனுப்பிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். லீவு சொல்லவில்லை. பாலத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள், அவள் பொத்தவில்லை. பழகிவிட்டது போல. வீட்டில் அந்த அம்மா என்னைப் பார்த்ததும், "வாங் அம்மிணி, வாங்" என்று சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். வாங்கி மீட்டரை அதற்குள்ளேயே முக்கினேன். முந்நூற்றுச் சொச்சம். விருந்தாளித் தண்ணீர். எழுந்து போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டுத் தொட்டியில் விழுந்ததைப் பிடித்து அளந்தேன். இரண்டாயிரத்து எழுநூறு. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்து கிடந்தது.

நான் கத்தினேன். மரியாதை இல்லாமல்தான் கத்தினேன். மாசமாக இருக்கிற பிள்ளைக்கு இதையா கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"நாங்க எல்லாரும் இதத்தானுங்க குடிக்கறோம். என்ற மாமியா காலத்துலருந்து இதே கெணறுதானுங். காவேரித் தண்ணி என்னைக்கோ ஒருக்கா வருது, வந்தவங்களுக்கும் பாட்டிலுக்கும் வெச்சுக்கறோம்." என் கையைப் பிடித்தார். "கண்ணு, குரூப்புல போட்டராதீங்க. பக்கத்தூட்டுல மூர்த்தக்கால் நட்டிருக்குது. அவங்க பையனுக்கு நாப்பது ஆகப் போவுதுங். இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா எங்க மொகத்துல முழிக்க மாட்டாங்க."

நான் மருமகளைப் பார்த்தேன். இந்த வீட்டில் அவள் ஒருத்தியாவது என் பக்கம் நிற்க வேண்டும் என்று இருந்தது. "நீ வந்ததிலிருந்தே உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத வாரமே தெரியும்க்கா. பருப்பு வேவல." சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "அந்த பாட்டில இப்ப நான்தான் ரொப்பறேன். அத்தைக்கு முட்டி வலி, பால் வண்டி வரைக்கும் நடக்க முடியாது."

"தெரிஞ்சுமா?"

"இங்க பேச யாருமே இல்லக்கா. அவரு வடக்க போயிட்டாருன்னா வாரக்கணக்கா எங்க அத்தை மொகத்தையேதான் பாத்துட்டிருக்கணும். பக்கத்து வீட்டுக்கு ஒருத்தி வந்தா துணைக்கு ஆச்சுன்னு ரொப்பினேன்."

இதைவிட நியாயமான காரணத்தை அந்த ஓடைக்கரை முழுவதும் வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அன்றைக்கே குரூப்பில் உண்மையான எண்ணைப் போட்டேன். உங்கள் ஊர்களுக்கும் நானே வந்து கிணற்றில் அளக்கிறேன் என்று சேர்த்து எழுதினேன். முதலில் தறிக்காரர் ஒரு குரல் பதிவு அனுப்பினார். "தாயப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க அக்கா. நீங்க படிச்சவங்க." அவ்வளவுதான். அனுப்பிவிட்டு வெளியேறினார். பின்னாலேயே ஒருவர், அப்புறம் இன்னொருவர். சாயங்காலத்துக்குள் குரூப்பில் நானும் பால் வண்டிக்காரரும் மட்டும் மிஞ்சினோம். அவருக்கு வெளியேறத் தெரியாது என்று பிறகு சொன்னார்.

அந்தப் பெண்ணை அங்கிருந்து கிளப்ப வேண்டும், எனக்கு அப்போது அது ஒன்றுதான். எங்கள் பக்கம் ஏழாம் மாதம் கட்டுச்சோறு போட்டுத்தான் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அதற்கு முன்னால் போனால் ஊர் ஏதாவது பேசும். பேசட்டும் என்று அவள் அப்பாவுக்கு நானே போன் செய்தேன். இரத்தக் கொதிப்பைச் சொன்னேன், புரதத்தைச் சொன்னேன், கிணற்றின் எண்ணைச் சொன்னேன். தண்ணீரால்தான் இது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இந்தத் தண்ணீரோடு இது குறையாது என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றார். எண்ணைச் சொன்னபோது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

எனக்குத் தூக்கம் பிடித்தது. பல நாளைக்கு அப்புறம் பிடித்த தூக்கம்.

காலையில் நானும் போயிருந்தேன். பக்கத்து வீட்டில் பந்தலுக்குத் தென்னங்கீற்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் அப்பா ஒரு குட்டியானை சரக்கு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை. போகிற வழியில் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டுத்தான் போவேன் என்று நான் கேட்காமலே சொன்னார். மகளைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் ஏற்றி, கால் தொங்காமல் இருக்க ஒரு மூட்டையை வைத்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்தார். அவளுடைய பாதம் நேற்றைவிட அதிகமாக வீங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது.

அப்புறம் அவர் வண்டியின் பின்கதவைத் திறந்தார். உள்ளே முழுக்கக் காலி கேன்கள். நீலக் கேன், எண்ணெய் டின், மருந்து டிரம் என்று கையில் கிடைத்ததெல்லாம் கழுவிக் கொண்டு வந்திருந்தார். சம்பந்தியம்மா கேன்களைப் பார்த்ததுமே போய் மோட்டாரைப் போட்டார். அவள் அப்பா கிணற்று டியூபை இழுத்து முதல் கேனுக்குள் விட்டார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"என்னங்க பண்றீங்க?" என்றேன். "நம்பரச் சொன்னனே."

"சொன்னீங்கம்மா." கேன் நிறைவதையே பார்த்துக்கொண்டு பேசினார். "எங்க ஊர்ல போரெல்லாம் நின்னு போச்சு. ஆயிரம் அடிக்குக் கீழ போயும் தண்ணிக்குப் பதிலா பொகைதான் வருது. லாரித் தண்ணி எப்ப வரும்னு தெரியாது. கேன் வண்டி மெயின் ரோட்டோட போயிடுது, வந்த அன்னைக்கு வாங்கிக் குடுப்பேன். வராத நாளைக்கு இது."

"காவேரித் தண்ணி கொஞ்சம்..." என்று நான் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காவிரித் தண்ணீர் டிரம்மைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஈரம் மட்டும் இருந்தது. கடைசிச் சொம்பு நேற்று எனக்கு வந்தது.

"பொண்ணு குடுக்கும்போது நம்பர் கிம்பர்லாம் நான் பாக்கலம்மா" என்றார் அவள் அப்பா. "தரகரு காமிச்சாரு. நான் கெணத்தத்தான் எட்டிப் பாத்தேன். தண்ணி இருந்துச்சு. போதும்னு குடுத்துட்டேன்."

கேன்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. மூடி இல்லாததுக்கு பாலித்தீன் தாளைப் போட்டுக் கட்டினார். முன்சீட்டிலிருந்து அவள் தாகம் என்றாள். அவர் கையில் இருந்த டியூபிலிருந்தே ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தார். அவள் குடித்தாள். நான் தடுப்பதற்குள் குடித்து முடித்துவிட்டாள். தடுத்தால் கையில் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

கதவைச் சாத்திவிட்டு அவர் என் பக்கம் வந்தார். படித்தவர்களிடம் கேட்கிற பணிவோடு கேட்டார். "காய்ச்சிக் குடுத்தா செரியாப் போயிடுமாம்மா?"

காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது. ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் உப்பு கூடத்தான் செய்யும். அதைச் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

"அப்பக் காய்ச்சாமயே குடுக்கறேம்மா" என்று சொல்லி, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.